படிவத்தில் எழுதாத காய்ச்சல்

டாக்டர் ராஜகோபால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோயாகப் படித்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் காலேஜிலிருந்து தபாலில் வந்த படிவம் அது. மூன்று தாள். முதல் தாளில் தடுப்பூசிகள், இரண்டாவதில் இதுவரைக்கும் வந்த நோய்கள், மூன்றாவதில் அங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கும் இன்சூரன்ஸ். இரண்டாவது தாளின் அடியில் டாக்டர் கையெழுத்து போட்டால்தான் மூன்றாவது தாள் செல்லும்.

1992 ஜூலை மாதம். இரும்புலியூரில் அவருடைய கிளினிக்கில் வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"அம்மை?"

"சின்னதுல ஒரு தரம் போட்டுது சார்" என்று மகனுக்காகப் பதில் சொன்னாள் யூனிஸ்.

"காமாலை? காசம்?"

"இல்ல சார்."

"வலிப்பு?"

"ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்ல சார்."

"ரூமாட்டிக் காய்ச்சல்? மூட்டு மூட்டா வீங்கி, அப்புறம் இதயத்துக்குப் போகும், அது?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மகன் எபினேசர் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். யூனிஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சார்."

டாக்டர் அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய கதை அவருக்குத் தெரியாது. குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "நல்லா படிச்சுட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார்.

தெருவில் இறங்கியதும் எபி கேட்டான். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"கர்த்தர் எடுத்துப் போட்டதை நாம ஏன்டா மறுபடியும் எழுதி வாங்கிக்கணும்?"

"படிவத்துல கேக்குறாங்களேம்மா."

"கேக்குறவங்களுக்கு என்ன தெரியும், நமக்கு நடந்தது? அங்கயும் யாராவது கேட்டா இதேதான் சொல்லணும். என் தலைமேல ஆணையா."

தலைமேல் ஆணை வைப்பது யூனிஸ் வீட்டு வழக்கமில்லை. சபையில் ஆணையிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவளையும் மீறி வந்துவிட்டது. எபிக்கும் விமான டிக்கெட் வரை வந்த காரியம் ஒரு சொல்லால் நின்றுபோகுமோ என்று பயம் இருந்தது. அதோடு பேச்சை விட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். எபிக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது; அது வடிந்தால் மணிக்கட்டு வீங்கியது. அவன் அப்பா தாவீது தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். அதனால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இதயத்தில் ஒரு வால்வைக் காய்ச்சல் தொட்டுவிட்டது என்றார்கள். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி, பதினெட்டு வயதுவரைக்கும். தாம்பரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரயில் மாறிப் பெரம்பூர் போய்வருவாள் யூனிஸ். சம்பளத்தில் ஒரு நாள் போகும். அதைப் பற்றி அவள் குறைசொன்னதே கிடையாது.

எபிக்குப் பதின்மூன்று வயதில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "என் பிள்ளையை ஆண்டவர் முழுசா குணமாக்கிட்டார். இனி அவன் உடம்புல அந்த வியாதி இல்ல." சபை மொத்தமும் அல்லேலூயா சொன்னது. அதற்குப் பிறகும் பெரம்பூர் போய் ஊசி போட்டது உண்டு. ஏன் என்று யாராவது கேட்டால், "அது ஒரு பாதுகாப்புக்கு" என்பாள். ஆனால் வியாதி என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டில் அப்புறம் யாரும் வாயால் சொல்லவில்லை. சொன்னால் சபைக்கு முன்னால் கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கின மாதிரி ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளுக்குத் தெரிந்த பக்தி அது. அதில் கபடம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் எபி போய்ச் சேர்ந்தான். குளிர் மிகுந்த ஊர். உத்திரமேரூர்ப் பையன் பக்தவச்சலம் என்பவனோடு ஒரே அறை. மாதம் இரண்டு கடிதம் வரும். இன்சூரன்ஸ் கார்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு தடவை எழுதியிருந்தான். "நம்ம ரயில்வே ஆஸ்பத்திரி மாதிரிதான் போல" என்று தாவீது சொல்லி, அந்தக் கடிதத்தைப் பணிமனைக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

1993 பிப்ரவரியில் ஒரு காலை. யூனிஸ் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் சட்டை கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. பக்கத்து வீட்டு அரிசி வியாபாரி ஹாஜா மைதீன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"யூனிஸக்கா, அமெரிக்கா போன். ஓடியாங்க."

"எபியா பாய்?"

"அவன் கூட்டாளியாம். செருப்பெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம் அக்கா, அங்க நிமிசத்துக்குக் காசு."

போனில் பக்தவச்சலத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. எபிக்கு இருபது நாளா காய்ச்சல் விட்டு விட்டு வருது. இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்."

"இருபது நாளாவா? எழுதவே இல்லையே தம்பி."

"ஃப்ளூன்னு மாத்திரை கொடுத்தாங்க. கேக்கலை. இப்ப பெரிய டாக்டர் பார்த்துட்டு, நெஞ்சுல சத்தம் கேக்குதுங்கிறார். சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கான்னு மூணு தரம் கேட்டுட்டார். இவன் இல்லைன்னே சொல்றான். ஆனா நேத்து ஜுரத்துல ஏதோ பெரம்பூரு, ஊசின்னு பினாத்தினான். வந்திருக்கா அம்மா?"

யூனிஸ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன், பின்னாடி என்னைத் திட்டக் கூடாது. இங்க இன்சூரன்ஸ்ல ஒரு விதி இருக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த நோய்க்கு முதல் பன்னண்டு மாசம் காசு தர மாட்டாங்க. இவன் வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. இருந்துதுன்னு சொன்னா ஆஸ்பத்திரிச் செலவு பூரா இவன் தலையில விழும். அதுக்குத்தான் மறைக்கிறான்னு நினைக்கிறேன். டாக்டருக்கோ அது தெரியணும். தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியுமாம்."

"பல்லு ஏதாவது பிடுங்கினானா தம்பி?" என்று கேட்டாள் யூனிஸ்.

"ஆமாம்மா. கடைவாய்ப் பல்லு. டிசம்பர்ல. ஏன்?"

ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஊசியை நிறுத்திய நாளில் பெரம்பூர் டாக்டர் ஒரு கார்டு கொடுத்திருந்தார். வால்வில் சின்னக் கசிவு தங்கிவிட்டது, பல் பிடுங்கினாலும் கத்தி வைத்தாலும் முன்னாடியே சொல்லி மருந்து போட்டுக்கொள்ள வேண்டும், ஆயுசுக்கும் மறக்கக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தக் கார்டு டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. யூனிஸ்தான் போட்டு வைத்தாள். எபி அதை எடுத்துப் போகவில்லை. அவள் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"சாயங்காலம் நான் போன் பண்றேன் தம்பி. அவரைக் கேட்டுச் சொல்றேன்."

"அங்க ஏழரை மணிக்குப் பண்ணுங்கம்மா. நான் ரூம்லயே இருப்பேன்."

அந்த இடத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் அவள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். 

வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசும். சட்டைகளை விரித்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஒட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பத்து மணிக்குள் இரண்டு தடவை தப்பாக ஒட்டினாள்.

பக்கத்து மேஜை தையல்நாயகிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா அமெரிக்கா அம்மா, மூஞ்சி இப்டி கீது? உம் புள்ள வெள்ளக்காரிய இட்டாந்துட்டானா?"

"ஜுரமா இருக்கான்டி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க."

தையல்நாயகி கத்தரியைக் கீழே வைத்தாள். "அட, வெளாட்டுக்குச் சொன்னேன்க்கா. அங்க ஆஸ்பத்திரியெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்குமாமே. நல்லா பார்ப்பானுங்க."

"பார்க்குறாங்க. ஏதோ கேக்குறாங்க. பதில் சொல்லணும்."

"பதில் சொல்றதுக்கு இன்னா கஷ்டம்? வாயி கீது இல்ல?"

அவள் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னாள். யூனிஸ் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். ஜெபிக்க வாயைத் திறந்தால் அந்தப் பழைய சாட்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆண்டவர் குணமாக்கினார் என்று சொன்னேன். இப்போது இல்லை என்று சொன்னால் அவரைப் பொய்யராக்கினேன் என்று ஆகாதா?  கடைசியில் ஒன்று மட்டும் தெளிந்தது. பத்து வருஷமாக அவள் காத்துவந்தது ஆண்டவருடைய பேரை என்று நினைத்திருந்தாள். பார்த்தால் அது அவளுடைய பேர்.

சாயங்காலம் தாவீது ஷிப்டு முடிந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சொல்லாத" என்றார்.

"டாக்டருக்குத் தெரியணுமாம்."

"ரயில்வேயில இத்தினி வருசத்துல ஒரு மாத்திரைக்குக் காசு கொடுத்ததில்ல நாம. அங்க ஒரு நாள் படுக்கைக்கு எவ்ளோன்னு பாயைக் கேட்டுப் பாரு. நான் ரிட்டயராயி வர்றது பூரா ஒரு வாரத்துக்குத் தாங்காது. அவன் படிப்பு போயிடும். அவனே வாய மூடிகினு கீறான்னா யோசிச்சுத்தான் இருப்பான். படிச்ச புள்ள."

"படிச்சதால மூடலைங்க அவன். நான் மூடச் சொன்னேன்."

"நீயா?"

"என் தலைமேல ஆணை வாங்கிட்டு அனுப்பினேன்."

தாவீது அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தைக் கழுவப் போனார். தண்ணீர் வெகு நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது யூனிஸ் டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து வைத்திருந்தாள்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மஞ்சள் போர்டு போட்ட போன் பூத்துக்கு நடந்து போனார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது யூனிஸ் கார்டைப் புடவைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் யூனிஸ் மட்டும் போனாள். தாவீது வெளியே, மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்க்காமல் திரும்பி நின்றார்.

பக்தவச்சலம் உடனே எடுத்தான்.

"வந்துது தம்பி" என்றாள் யூனிஸ். "ஒன்பது வயசுல வந்துது. ரூமாட்டிக் காய்ச்சல். பதினெட்டு வயசுவரைக்கும் ஊசி போட்டோம். டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லு."

"யோசிச்சுத்தானேம்மா சொல்றீங்க? இன்சூரன்ஸ்..."

"யோசிச்சாச்சு. என்கிட்ட கார்டு இருக்கு. படிக்கிறேன், எழுதிக்க." கார்டை வெளிச்சத்தில் பிடித்தாள். தேதிகள் வந்தன. அதற்கு மேல் எல்லாம் இங்கிலீஷ். எழுத்து எழுத்தாகக்கூட அவளுக்கு வரவில்லை. எதிர் முனையில் அவன், "அம்மா, எந்த வால்வுன்னு போட்டிருக்கா? அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கூண்டுக் கதவு திறந்தது. தாவீது உள்ளே வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினார். மெஷின் வேலைக்காரர்; பெரிய எழுத்து இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"தம்பி, அவங்க அப்பா பேசறேன். எழுதிக்க. எம்... ஐ... டி... ஆர்..."

முழுக் கார்டையும் படித்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்த ஆஸ்பத்திரி சீட்டு எண் வரைக்கும் விடவில்லை.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. ரத்தத்தைச் சோதித்ததில் கிருமி வால்வில் போய் உட்கார்ந்திருந்தது. பல் பிடுங்கிய வழியாகப் போயிருக்கும் என்றார்கள். நான்கு வாரம் நரம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்ற வேண்டும். இன்னும் பத்து நாள் தெரியாமல் விட்டிருந்தால் வால்வு கிழிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். யூனிஸ் ஹாஜா மைதீன் கடையில் அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் மனைவி அக்தர் பேகம் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்தவச்சலம் சொன்னபடியே மற்றதும் நடந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பைசா தரவில்லை. படிவத்தில் இல்லை என்று எழுதியதையும் எடுத்துக் காட்டினார்கள். காலேஜ் கூப்பிட்டு விசாரித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதியைத் தர்மக் கணக்கில் தள்ளிவிட்டு, மீதியை மாதாமாதம் கட்டச் சொன்னார்கள். எபி ஒரு பருவம் படிப்பை நிறுத்தி, மாணவர் உணவுக் கூடத்தில் தட்டு கழுவினான். ஊருக்கு வருவதற்கென்று வைத்திருந்த காசு அதில் போனது.

அவன் உடம்பு தேறி முதல் தடவை போன் செய்தபோது யூனிஸ் கேட்டாள். "எபி, எப்படிடா இருக்க?"

"இருக்கேன். என்னைக் கேட்காம சொல்லிட்டியே. உனக்குக் கொடுத்த வாக்குக்காக இருபது நாள் பல்லைக் கடிச்சுகிட்டு இருந்தேன். நீயே போய்ச் சொல்லிட்ட. போனை அப்பாகிட்ட கொடு."

அவள் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் "அன்புள்ள அப்பாவுக்கு" என்று மட்டும் இருந்தது. கடைசி வரியில், "அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்." தாவீது அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் பார்த்தார். யூனிஸ், "எல்லாத்தையும் படிங்க" என்றாள். ஏழு மாதம் அப்படிப் போனது. மதிய சாப்பாட்டு நேரத்தில் தையல்நாயகி புள்ளையைப் பற்றிக் கேட்டால், "வேலையா இருக்கான்" என்று மட்டும் சொல்வாள். அவன் செய்வது தப்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அக்டோபரில் அவள் பேருக்கே ஒரு கடிதம் வந்தது. மன்னிப்போ கோபமோ ஒன்றும் அதில் இல்லை. இங்கே இதய டாக்டர் மறுபடி மாதம் ஒரு ஊசி ஆரம்பித்திருக்கிறார், எத்தனை வருஷம் போட வேண்டும் என்று முடிவு செய்யப் பழைய விவரம் முழுதும் கேட்கிறார், காய்ச்சல் மறுபடி வந்தது உண்டா என்று முக்கியமாகக் கேட்கிறார், எனக்குச் சரியாக ஞாபகமில்லை என்று எழுதியிருந்தான். "உனக்குத்தான் தெரியும். ஒன்றும் விடாமல் எழுதும்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பிற்பகலில் யூனிஸ் கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் இவ்வளவு எழுதியதில்லை. முழங்கால் வீங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தாள். எந்த மாதம், எந்தக் கால், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரைக்கு வாந்தி எடுத்தான், எல்லாம் எழுதினாள். இரண்டு தாள் ஆனது. பதின்மூன்றாம் வயதுக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினாள். தாவீது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாத காரியம் அது. புதுத் தாள் எடுத்து எழுதினாள்.

"எபி, நான் சபையில் சாட்சி சொன்னதற்கு அப்புறம் உனக்கு மூன்று ஊசி போடவில்லை. டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேன். டாக்டர் சொல்லவில்லை. ஊசி போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகும் என்று நானே நிறுத்தினேன். மூன்றாவது மாதம் உனக்குக் காய்ச்சல் மறுபடி வந்தது. அப்போதுதான் வால்வு அதிகம் கெட்டது என்று பெரம்பூர் டாக்டர் சொன்னார். நான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதற்கு ரயில் இல்லை என்று பொய் சொன்னேன். கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன். இதையும் உன் டாக்டரிடம் சொல்லிவிடு."

அதற்குக் கீழே மீதி வருஷங்களை எழுதி முடித்தாள். பிறகு உள்ளே போய்த் தாவீதை எழுப்பி, தாள்களை அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கிறவரைக்கும் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.